பட்டாசுத் தளம் நிஜமா, போலியா? எதைப் பார்த்து முடிவு செய்வது

கேள்வி இதுதான்: "தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கிறது. சிவகாசி பட்டாசு 80% தள்ளுபடி என்று ஃபேஸ்புக் விளம்பரத்தில் ஒரு தளம் வந்தது. பூட்டு அடையாளம் இருக்கிறது, ஜிஎஸ்டி எண் போட்டிருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் பேசினால் மரியாதையாகப் பேசுகிறார்கள். 6,500 ரூபாய் முன்பணம் அனுப்பலாமா? பொதுவாகவே போலித் தளத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?"

இப்போதைக்கு அனுப்பாதீர்கள். அந்தத் தளம் போலி என்று நான் அடித்துச் சொல்லவில்லை, அதை நான் பார்க்கவும் இல்லை. ஆனால் நம்புவதற்குக் காரணமாக நீங்கள் சொன்ன மூன்றையும் ஒரு மோசடிக்காரர் ஒரே பகலில் தயார் செய்துவிட முடியும். அதனால் அவற்றை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

நான் பதினான்கு வருடமாகச் சின்னக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுக்கிறேன். அதில் பட்டாசுக் கடைகளும் உண்டு. ஒரு வருடம், நான் ஒரு கடைக்குச் செய்த தளத்தை யாரோ அப்படியே நகலெடுத்து வேறு முகவரியில் போட்டிருந்தார்கள். நிறம், படங்கள், விலைப்பட்டியல், கடையின் ஜிஎஸ்டி எண், கடைக்காரரின் அப்பா திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றும் படம், எல்லாம் அச்சு அசலாக அதே. மாற்றியது இரண்டே இடத்தில்: வாட்ஸ்அப் எண், வங்கிக் கணக்கு. தீபாவளிக்கு முந்தைய வாரம் வெளியூரிலிருந்து வந்த ஒரு குடும்பம், பணம் கட்டிவிட்டோம், பெட்டி எங்கே என்று கடை வாசலில் நின்று கேட்டது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களை ஏமாற்றியவன் யார் என்று இரண்டு தரப்புக்குமே தெரியாது. அன்று அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததிலிருந்து, இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

அந்த இரண்டு தளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணால் வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியாது. செய்து கொடுத்த எனக்கே முடியவில்லை. ஆகவே தளம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதை விட்டுவிட்டு, எதை அவர்களால் நகலெடுக்க முடியாது என்று தேடுங்கள். அப்படிப்பட்டவை கொஞ்சம்தான்: தளத்தின் முகவரி, அது பதிவான தேதி, அவர்கள் கைபடாத அரசுப் பதிவேடுகள், பணம் போய்ச் சேரும் கணக்கின் பெயர்.

முதலில் பட்டாசு விஷயத்தையே முடித்துவிடுகிறேன், அதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. மின்வணிகத் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று தீர்ப்பளித்தது. அதனால் சிவகாசிக் கடைகள் பலவும் தளத்தை ஒரு விலைப்பட்டியல் போலத்தான் வைத்திருக்கின்றன. நீங்கள் வேண்டியதைக் குறித்து அனுப்பினால் அவர்கள் கூப்பிட்டுப் பேசுவார்கள், பணத்தைக் கணக்கில் போடச் சொல்வார்கள், பெட்டி லாரி பார்சலில் வரும், நீங்கள் பார்சல் ஆபீசில் போய் எடுத்துக்கொள்ள வேண்டும். நேர்மையான கடையும் முன்பணம் கேட்கும், போலியும் கேட்கும். நேர்மையான கடையும் 80% தள்ளுபடி என்று போடும், ஏனென்றால் அந்த ஊர் விலைப்பட்டியலில் அச்சிட்ட விலையே பல மடங்கு ஏற்றித்தான் இருக்கும், தள்ளுபடி போகத்தான் உண்மையான விலை. வேறு எந்தப் பொருளுக்கும் 80% தள்ளுபடி என்றால் ஓடிவிடுங்கள் என்பேன், பட்டாசுக்கு மட்டும் அது ஒரு தடயமே இல்லை. நேர்மையானவர்கள் விற்கும் முறையே இப்படி இருப்பதால் மோசடிக்காரர்கள் அதற்குள் சுலபமாக ஒளிந்துகொள்கிறார்கள்.

இன்னொன்று, காலம். "தீபாவளிக்கு ஐந்து நாள் முன்னால் வந்துவிடும்" என்பார்கள். நீங்களும் காத்திருப்பீர்கள், நடுவில் சந்தேகம் வராது. பெட்டி வராது என்று தெரியும்போது பணம் போய் மூன்று வாரம் ஆகியிருக்கும். போன பணத்தை மீட்க முதல் சில மணி நேரம்தான் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன். அந்த நேரத்தை உங்களிடமிருந்து பறிப்பதற்காகவே இந்தத் தேதி.

சரி, அந்த ஜிஎஸ்டி எண்ணுக்கு வருவோம். எண் போட்டிருப்பது சாட்சி ஆகாது, ஆனால் அது ஒரு கதவு. மத்திய அரசின் ஜிஎஸ்டி தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதி இருக்கிறது, உள்நுழையத் தேவையில்லை. எண்ணில் 15 எழுத்துகள் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாடு என்றால் 33. அடுத்த பத்தும் உரிமையாளரின் பான் எண். சிவகாசிக் கடை என்று சொல்லிக்கொண்டு எண் 07 என்று தொடங்கினால் அது டெல்லிப் பதிவு, அங்கேயே நிறுத்திவிடலாம். எண்ணைப் போட்டுத் தேடினால் சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவான தேதி, முகவரி, பதிவு நடப்பில் இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்பதெல்லாம் வரும். நான் மேலே சொன்ன நகல் தளத்தில் இருந்தது உண்மையான கடையின் உண்மையான எண், எனவே தேடினாலும் சரியாகத்தான் வந்திருக்கும். ஆனால் அதில் வரும் பெயரையும் பணம் கேட்கும் கணக்கின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேதான் மாட்டுவார்கள்.

யுபிஐயில் எண்ணையோ ஐடியையோ போட்டதும், பின் அடிப்பதற்கு முன்னால், அந்தக் கணக்குக்காரரின் வங்கிப் பெயர் திரையில் வரும். பலர் அதைப் பார்ப்பதே இல்லை. கடையின் பெயர் ஒன்று, பதிவில் இருக்கும் உரிமையாளர் பெயர் இன்னொன்று, திரையில் வருவது சம்பந்தமே இல்லாத மூன்றாவது ஆள் என்றால் நிறுத்துங்கள். "அது எங்கள் கணக்காளர் கணக்கு", "கம்பெனிக் கணக்கில் லிமிட் முடிந்துவிட்டது" என்று ஒரு விளக்கம் தயாராக இருக்கும். அந்த விளக்கத்தைக் கேட்டதும் என் சந்தேகம் இன்னும் கூடும். இவர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் வாடகைக் கணக்கு. சில ஆயிரத்துக்காகத் தன் பாஸ்புக்கையும் சிம்மையும் யாரிடமோ கொடுத்துவிட்ட ஒரு ஏழை மாணவரோ கூலித் தொழிலாளியோதான் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பார். கடைசியில் போலீஸ் முதலில் போய் நிற்பதும் அவர் வீட்டு வாசலில்தான்.

அந்த விளம்பரம் வந்த ஃபேஸ்புக் பக்கத்தையும் ஒரு நிமிடம் பாருங்கள். பக்கத்தின் அறிமுகப் பகுதியில் வெளிப்படைத்தன்மை என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் எப்போது தொடங்கப்பட்டது, இதற்கு முன் என்னென்ன பெயர்களில் இருந்தது, பல பக்கங்களுக்கு எந்த நாட்டிலிருந்து நடத்துகிறார்கள் என்பதும் அதில் இருக்கும். போன மாதம் வரை சினிமா மீம்ஸ் பக்கமாக இருந்தது இந்த மாதம் பட்டாசுக் கடையாகியிருந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

தளத்தின் வயதைப் பார்ப்பதற்கு ஹூயிஸ் என்று ஒரு தேடல் உண்டு. அந்தப் பெயரைக் கூகுளில் போட்டாலே இலவசமாகத் தேடித் தரும் தளங்கள் வரும். முகவரியைக் கொடுத்தால் அது உருவான தேதி தெரியும். இதை மட்டும் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள்: பத்தொன்பது நாள் வயதுள்ள தளம் என்பதாலேயே போலி ஆகிவிடாது. நேற்று கடை தொடங்கியவரும் இருப்பார், முப்பது வருடக் கடைக்குப் போன வாரம்தான் தளம் போட்டவரும் இருப்பார். பத்தொன்பது நாள் தளத்தில் ஐயாயிரம் வாடிக்கையாளர் கருத்துகளும், "போன தீபாவளிக்கு வாங்கினோம், அருமை" என்ற பாராட்டும் இருந்தால்தான் அது பொய். தளம் தன்னைப் பற்றிச் சொல்வதும் பதிவேடு சொல்வதும் ஒன்றுக்கொன்று இடிக்கிறதா என்று பாருங்கள்.

பூட்டு அடையாளத்தைப் பற்றி எல்லோருக்கும் ஒரு தவறான பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதைச் சொல்லிக் கொடுத்ததில் என்னைப் போன்றவர்களுக்கும் பங்கு உண்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் பூட்டு வருவதற்கான சான்றிதழை வாங்கப் பணம் கட்ட வேண்டும், அதனால் மோசடித் தளங்களில் பூட்டு குறைவாகவே இருந்தது. 2015 கடைசியில் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம்தான், இணையத்தில் போகும் தகவலுக்குப் பாதுகாப்பு கூடியது. ஆனால் பூட்டின் பொருள், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பது மட்டுமே. எதிர்முனையில் இருப்பவன் திருடனா என்று பூட்டுக்குத் தெரியாது. மக்கள் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் கூகுள் தன் குரோம் உலாவியில் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது.

இனி முகவரி. என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வங்கி, அரசு, கோயில் தளங்கள் என்று வரும்போது மற்ற எல்லாம் கைவிட்டாலும் இது கைவிடாது. முகவரியை இடமிருந்து படிக்காதீர்கள், வலமிருந்து படியுங்கள். தபால் பிரிப்பவர் உறையில் பெயரையா முதலில் பார்க்கிறார்? கடைசி வரியில் இருக்கும் பின்கோடையும் ஊரையும்தான். இங்கேயும் அப்படியே. முகவரியில் முதலில் வரும் ஒற்றைச் சாய்கோட்டை (/) கண்டுபிடியுங்கள். அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருப்பதுதான் ஊர். டாட் காம் என்றால் அதற்கு முந்தைய சொல்லையும் சேர்த்து. அந்த இரண்டுதான் உரிமையாளரைச் சொல்லும். அதற்கும் இடப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும், உரிமையாளர் தன் வீட்டுக்குள் அறைக்கு வைத்த பெயர் போலத்தான். "எஸ்பிஐ டாட் பாங்க் டாட் இன் டாட் கேஒய்சிஅப்டேட் டாட் காம்" என்று ஒரு முகவரி வந்தால், முன்னால் வங்கியின் பெயர் முழுசாக இருக்கிறது, கண் அங்கேயே நின்றுவிடும். கடைசியிலிருந்து பாருங்கள்: உரிமையாளர் கேஒய்சிஅப்டேட் டாட் காம். வங்கிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இதில் இப்போது ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. வங்கிகள் எல்லாம் டாட் பாங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. அந்த முடிவு கொண்ட முகவரி ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் உள்ள வங்கிகளுக்குத்தான் கிடைக்கும், நானோ நீங்களோ வாங்க முடியாது. அரசுத் தளங்களுக்கு டாட் ஜிஓவி டாட் இன் எப்படியோ அப்படி. ஒன்றே ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: அது புள்ளியாக இருக்க வேண்டும். எஸ்பிஐ, புள்ளி, பாங்க், புள்ளி, இன் என்பது வங்கி. முதல் புள்ளிக்குப் பதில் சிறுகோடு இருந்தால் அது யாருடையதாகவும் இருக்கலாம். செல்போன் திரையில் அந்த ஒரு சிறுகோடு கண்ணில் படாது. வயதானவர்களிடம் சொல்லும்போது நான் வாயால் சொல்வதில்லை, ஒரு காகிதத்தில் இரண்டையும் பெரிதாக எழுதிக் காட்டுகிறேன்.

அரசு சம்பந்தப்பட்டது எல்லாமே ஜிஓவி டாட் இன்னில் இருந்துவிட்டால் மக்களுக்குச் சொல்லிக் கொடுப்பது சுலபம். அப்படி இல்லையே. ரயில் டிக்கெட் தளம் ஐஆர்சிடிசி டாட் கோ டாட் இன். நம் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருந்த தளம் டிஎன்இபிநெட் டாட் ஓஆர்ஜி. திருப்பதி தேவஸ்தானத்தின் தளம் முன்பு ஒரு பெயரில் இருந்தது, பிறகு திருப்பதிபாலாஜி என்று தொடங்கும் ஆந்திர அரசு முகவரி ஆனது, 2024 ஜனவரியில் டிடிதேவஸ்தானம்ஸ் டாட் ஏபி டாட் ஜிஓவி டாட் இன் என்று மறுபடியும் மாறியது. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும் பழைய பெயரை நினைவில் வைத்துத் தேடும் பக்தர்கள் போலித் தளங்களுக்கு இரையாகிறார்கள். தரிசன டிக்கெட், அறை என்று பணம் வாங்கிக்கொண்டு போலி ரசீது கொடுத்த தளங்கள் மீது தேவஸ்தானமே புகார் கொடுத்திருக்கிறது. அரசு அலுவலகங்கள் முகவரியை அடிக்கடி மாற்றாமல் இருந்தாலே பாதிப் பேர் தப்பிப்பார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

அதனால் கூகுளில் தேடி முதலில் வருவதைத் தொடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே வரும் இரண்டு மூன்று முடிவுகள் பணம் கட்டிப் போட்ட விளம்பரமாக இருக்கலாம், சின்னதாக 'ஸ்பான்சர்டு' என்று எழுதியிருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடி எடுத்து ஏமாந்தவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கு பேர். வங்கியின் எண் உங்கள் டெபிட் கார்டின் பின்பக்கம் அச்சிட்டிருக்கிறது. மின்வாரியத்துக்கு எப்போதும் போகும் தளத்தை ஒரு முறை சரிபார்த்து புக்மார்க் செய்து வைத்துவிட்டால், "இன்றிரவு 9.30க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணைக் கூப்பிடுங்கள்" என்று வரும் குறுஞ்செய்தியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. நிஜமாகவே பாக்கி இருக்கிறதா என்று உங்கள் புக்மார்க்கில் போய்ப் பாருங்கள், அவ்வளவுதான். என் அம்மா அந்தச் செய்திக்குப் பயந்து அந்த எண்ணைக் கூப்பிட்டே விட்டார். அவர்கள் அனுப்பிய ஏபிகே கோப்பை, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பை, நிறுவத் தெரியாததால் என்னிடம் போனைக் கொண்டுவந்து கொடுத்தார், அதனால் தப்பித்தோம். வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே எதையும், கல்யாணப் பத்திரிகை என்று வந்தாலும், போக்குவரத்து அபராதச் சலான் என்று வந்தாலும், திறக்கக் கூடாது. அதை நிறுவி அனுமதி கொடுத்துவிட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அவர்களுக்குப் போகும்.

எழுத்தை உற்றுப் பார்த்தால் போதும் என்றும் சிலர் சொல்வார்கள். போதாது. ரஷ்ய எழுத்துகளில் ஆங்கில 'ஏ' போலவே இருக்கும் எழுத்து உண்டு. 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் அப்படிப்பட்ட எழுத்துகளை மட்டும் வைத்து ஆப்பிள் நிறுவனத்தின் முகவரி போலவே ஒன்றைப் பதிவு செய்து காட்டினார், அப்போதைய குரோமில் அசலுக்கும் அதற்கும் எந்த வேறுபாடும் தெரியவில்லை. உலாவிகள் அதைச் சரிசெய்துவிட்டன, என்றாலும் மனிதக் கண்ணை நம்ப முடியாது என்பதற்கு அது நல்ல உதாரணம். கண்ணைவிட நம்பகமானது கடவுச்சொல் மேலாளர். உலாவியிலேயே இருக்கும், இலவசம். நீங்கள் நிஜ வங்கித் தளத்தில் சேமித்த கடவுச்சொல்லை அது அதே முகவரியில் மட்டும்தான் தானாக நிரப்பும். வழக்கமாக நிரப்பும் பெட்டி ஒரு நாள் காலியாக நின்றால், கையால் அடிக்கப் போகாதீர்கள். முகவரி வேறு என்று அது உங்களுக்குச் சொல்கிறது.

கார்டில் பணம் கட்டினால், ஓடிபி வரும் செய்தியில் ஆறு இலக்கத்தை மட்டும் பார்க்காமல் முழுவதும் படியுங்கள். எவ்வளவு தொகை, பெரும்பாலும் யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கும். நீங்கள் 499 ரூபாய் புடவைக்குக் கட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், செய்தியில் 49,000 ரூபாய் என்று இருக்கும். போலித் தளத்தில் நீங்கள் கொடுத்த கார்டு விவரத்தை அந்தப் பக்கம் ஒருவன் அதே நேரத்தில் வேறொரு நிஜத் தளத்தில் அடித்துக்கொண்டிருக்கிறான், அந்த ஓடிபிதான் உங்களிடம் வருகிறது. யுபிஐ பின்னும் அப்படியே: பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், பெறுவதற்கு எப்போதும் வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருகிறோம், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள் என்றால் அது இரண்டாவது திருட்டு.

உங்கள் 6,500 ரூபாய்க்கு வருகிறேன். ஜிஎஸ்டி பதிவில் வரும் கடைப் பெயரை எடுத்துக்கொண்டு, அந்தத் தளத்தில் இல்லாத வேறு வழியில் அவர்கள் எண்ணைக் கண்டுபிடியுங்கள். சிவகாசிப் பக்கம் தெரிந்தவர் இருந்தால் கடைக்கே ஒரு நடை போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கடையில் பேசி, இந்தத் தளம் உங்களுடையதுதானா, இந்தக் கணக்கு உங்களுடையதுதானா என்று இரண்டையும் கேளுங்கள். இரண்டுக்கும் ஆமாம் என்று பதில் வந்து, யுபிஐயில் பெயரும் பொருந்தினால் அனுப்பலாம். இவ்வளவு சிரமம் எதற்கு என்று தோன்றினால் உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடையில் வாங்கிவிடுங்கள். கொஞ்சம் கூடுதலாகும், ஆனால் பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுப்பீர்கள்.

ஏற்கெனவே யாராவது அனுப்பிவிட்டிருந்தால், முதல் வேலை 1930. தேசிய சைபர் குற்ற உதவி எண் அது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமா, அவனிடமே கெஞ்சிப் பார்க்கலாமா என்று யோசிக்கும் நேரத்தில் பணம் இரண்டாவது மூன்றாவது கணக்குக்குப் போய்விடும். 1930இல் பதிவானதும் அந்தப் பணம் எந்த வங்கியில் நிற்கிறதோ அங்கே அதை நிறுத்தி வைக்க முயல்வார்கள், முதல் ஓரிரு மணி நேரத்தில் கூப்பிட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். கூப்பிடும்போது பரிவர்த்தனை எண், தொகை, நேரம், உங்கள் வங்கி, போன கணக்கு அல்லது யுபிஐ ஐடி ஆகியவை கையில் இருக்கட்டும். யுபிஐ என்றால் செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் தொட்டால் 12 இலக்க எண் இருக்கும். அடுத்து வங்கிக்குச் சொல்லுங்கள். உங்கள் தவறு எதுவும் இல்லாமல் வெளியாள் ஒருவர் உங்கள் கணக்கிலிருந்து எடுத்திருந்தால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் இழப்பு உங்களைச் சேராது என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலைச் சுற்றறிக்கையில் விதி வகுத்தது. நாமே பின் போட்டு அனுப்பிய பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் கிடைக்காது, அதனால்தான் 1930ஐ முதலில் சொன்னேன்.

பிறகு வாட்ஸ்அப் உரையாடல், தளத்தின் முகவரி தெரியும்படியான ஸ்கிரீன்ஷாட், விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் கிரைம் டாட் ஜிஓவி டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாக்குங்கள். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்து உரையாடலை அழித்துவிடுகிறார்கள் பலர், தயவுசெய்து அழிக்காதீர்கள். சில நாளில் "உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வேறு யாராவது கூப்பிடுவார்கள். ஏமாந்தவர்களின் எண்கள் அவர்களுக்குள் கைமாறும், போலீஸோ வங்கியோ அதற்குக் கட்டணம் கேட்பதில்லை. 1930இல் கொடுக்கும் புகார் எண்ணைப் பத்திரமாகக் குறித்து வையுங்கள், வங்கிக் கிளைக்குப் போனாலும் மாவட்ட சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.